சாஃப்ட்வேர்க்காரருக்குக் கடை எதற்கு?

சியாட்டிலில் யூனிவர்சிட்டி வில்லேஜ் என்று ஒரு திறந்தவெளி மால் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே. மழை இல்லாத சனிக்கிழமையில் அங்கே பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தப் பக்கம் நான் குடியிருந்த காலத்தில் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஏற்கெனவே இருந்த ஆப்பிள் கடைக்கு எதிரே 2011 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரு கடை போட்டது. 2015 நவம்பரில் அமேசான் தன்னுடைய முதல் புத்தகக் கடையைத் திறந்ததும் அதே மாலில்தான். ஒரு கம்பெனி கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது, மற்ற இரண்டுக்கும் அது சொந்த ஊர். மைக்ரோசாஃப்ட் தலைமையகம் இருக்கும் ரெட்மண்ட், ஏரிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

எதிரெதிர்க் கடைகள் இரண்டிலுமே கூட்டம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கடையில் சுவர் முழுக்கப் படம் ஓடும். நீளமான மர மேஜைகள், கலர் கலராய் டீ-ஷர்ட் போட்ட ஊழியர்கள், ஒரு மூலையில் எக்ஸ்பாக்ஸ். அதன் முன்னால் பிள்ளைகள் கையைக் காலை ஆட்டிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். ஆப்பிள் கடையிலிருந்து வெளியே வருபவர்களில் பாதிப் பேர் கையில் வெள்ளைப் பை தொங்கும். மைக்ரோசாஃப்ட் கடையிலிருந்து வருபவர்கள் கையில் பெரும்பாலும் பிள்ளையின் கைதான் இருக்கும். 'இன்னும் ஒரே ஒரு கேம்' என்று அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்று அந்த மாலில் மூன்றில் ஆப்பிள் கடை ஒன்றுதான் மிச்சம்.

2020 ஜூன் 26 அன்று மைக்ரோசாஃப்ட் தன் கடைகளை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. மொத்தம் எண்பத்துச் சொச்சம் கடைகள். அதற்காக நஷ்டக் கணக்கில் எழுதிய தொகை சுமார் 45 கோடி டாலர். லண்டன், நியூயார்க், சிட்னி, ரெட்மண்ட் வளாகம் என்று நான்கு இடங்களை மட்டும் 'அனுபவ மையம்' என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்கள். அந்த மார்ச்சிலேயே கொரோனாவால் ஷட்டர் இறங்கியிருந்ததால், பழியை எல்லாரும் கொரோனா மேல் போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரோனா மூடுவதற்கு ஒரு தேதி கொடுத்தது, அவ்வளவுதான். அதே கொரோனாவில் கதவைச் சாத்திய ஆப்பிள் மறுபடி திறந்துகொண்டதே!

சாஃப்ட்வேர் கம்பெனி சொந்தமாகக் கடை வைக்கலாமா என்ற கேள்விக்கு மைக்ரோசாஃப்டை விட நல்ல உதாரணம் கிடைக்காது. பணத்துக்குப் பஞ்சமில்லை. நல்ல ஆட்களைப் போட்டார்கள். பதினோரு வருஷம் பொறுமையாகவும் இருந்தார்கள். இவ்வளவும் இருந்தும் ஏன் நிற்கவில்லை என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

கொஞ்சம் பின்னால் போவோம். சாஃப்ட்வேரைக் கடையில் விற்பது ஒரு காலத்தில் நல்ல தொழில். 1984-ல் சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான பெல்வியூவில் எக்ஹெட் என்று ஒரு கடை ஆரம்பித்தது. சாஃப்ட்வேர் மட்டுமே விற்கும் கடை. அமெரிக்கா முழுக்க 200-க்கும் மேல் கிளைகள் ஆயின. அப்போது சாஃப்ட்வேர் என்றால் அட்டைப்பெட்டி. உள்ளே ஃபிளாப்பிகள், தலையணை மாதிரி ஒரு கையேடு. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானபோது நள்ளிரவில் கடை திறந்து வரிசையில் நின்று வாங்கினார்கள். இன்று அந்த வீடியோக்களைப் பார்த்தால், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கா இப்படி என்று சிரிப்பு வருகிறது. அந்த எக்ஹெட்டே 1998-ல் மிச்சமிருந்த கடைகளையெல்லாம் மூடிவிட்டு இணையத்துக்குப் போனது, 2001-ல் திவால். பெட்டி போனதும் கடையும் போயிற்று.

நம்ம ஊருக்கு அந்தப் பெட்டி சரியாக வந்து சேரவே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுப்பவர், கூடவே விண்டோஸையும் 'போட்டு'க் கொடுப்பார். அதற்குத் தனியாகக் காசு கேட்டிருந்தால் நாம் முறைத்திருப்போம். மதர்போர்டுக்கு விலை உண்டு, கேபினெட்டுக்கு விலை உண்டு, ஸ்க்ரூவுக்குக்கூட உண்டு, விண்டோஸ் மட்டும் கடைக்காரர் பிரியமாய்ச் செய்து தருவது. கையில் பிடிக்க முடியாத பொருளுக்குக் காசு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது ரிச்சி தெருவில் சுற்றிய எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஆப்பிள்? 2001 மே 19-ல் வர்ஜீனியாவில் ஒன்று, கலிஃபோர்னியாவில் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு கடைகள் திறந்தார்கள். அது தேறாது என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி எழுதியதற்குக் காரணமும் இருந்தது. கேட்வே என்ற கம்ப்யூட்டர் கம்பெனி 1996-லிருந்து சொந்தக் கடை நடத்தித் திணறிக்கொண்டிருந்தது. அந்தக் கடைகளில் ஒரு விசித்திரம்: உள்ளே போய்ப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், கையோடு எடுத்துக்கொண்டு வர முடியாது. ஆர்டர் கொடுத்துவிட்டு வீட்டில் போய்க் காத்திருக்க வேண்டும். இடமும் மாலுக்குள் இல்லாமல் வாடகை மலிவான ஒதுக்குப்புறத்தில் இருந்தது. 2004 ஏப்ரலில் மிச்சமிருந்த 188 கடைகளையும் கேட்வே ஒரேயடியாக மூடியது.

ஆப்பிள் நேர் எதிராகச் செய்தது. ஆட்கள் நடமாடும் இடத்தில் கூடுதல் வாடகை கொடுத்துப் பிடித்தது, சரக்கை உள்ளேயே வைத்தது. டார்கெட் என்ற கடைச் சங்கிலியிலிருந்து வந்து ஆப்பிள் கடைகளைப் பொறுப்பேற்ற ரான் ஜான்சன், ஒரு கிடங்குக்குள் மாதிரிக் கடை ஒன்றைக் கட்டி மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். பொருள் வாரியாக அடுக்கியிருந்ததைக் கடைசி நேரத்தில் கலைத்து, 'போட்டோ, வீடியோ, பாட்டு' என்று ஆட்கள் செய்ய நினைக்கும் காரியங்களின்படி மாற்றி அடுக்கினார்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. ஆப்பிளுக்குக் கடை போட்டே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தது. காம்ப்யூஎஸ்ஏ மாதிரிக் கடைகளில் மேக் எங்கோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். விற்கும் பையனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொண்டு அவனுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. விண்டோஸ் பெட்டிகளை விற்றால் சுலபமாய்க் கமிஷன். அப்புறம் ஆப்பிளின் கையில் பொருள் இருந்தது. கம்ப்யூட்டரும் அதனுடையது, உள்ளே ஓடும் சாஃப்ட்வேரும் அதனுடையது, மொத்த லாபமும் அதனுடையது. கடை திறந்த அதே 2001-ல், அக்டோபரில், ஐபாடும் அறிமுகமானது.

மைக்ரோசாஃப்டுக்கு என்ன கட்டாயம்? யோசித்துப் பார்த்தால் அதற்கும் ஒன்று இருந்தது, அது அற்பமானதும் இல்லை.

2009 வாக்கில் புது விண்டோஸ் லேப்டாப் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்டியைப் பிரித்து ஆன் பண்ணினால், நாம் கேட்காத பத்துப் பதினைந்து சமாச்சாரங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும். 30 நாள் ஓடும் ஆன்டிவைரஸ், எதற்கென்றே தெரியாத டூல்பார், போட்டோ எடிட்டர் ஒன்று, அதே வேலைக்கு இன்னொன்று. லேப்டாப் தயாரிப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டு இவற்றைப் போட்டு அனுப்புவார்கள், ஏனென்றால் லேப்டாப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவு மெலிசு. புது மெஷின் எழுந்து நிற்கவே ஐந்து நிமிஷம் ஆகும். வாங்கியவர் யாரைத் திட்டுவார்? விண்டோஸைத்தான். அப்போதைய விண்டோஸ் பதிப்பான விஸ்டா வேறு பேரைக் கெடுத்து வைத்திருந்தது. ஆப்பிளோ டிவி விளம்பரத்தில் விண்டோஸைக் கோட்டு சூட்டு போட்ட அசட்டு ஆசாமியாக்கிக் கிண்டல் செய்துகொண்டிருந்தது.

ஆக, மைக்ரோசாஃப்டின் முகம் எப்போதும் இன்னொருவர் கடையில், இன்னொருவர் பெட்டியில், இன்னொருவர் போட்ட குப்பைக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2009 பிப்ரவரியில், வால்மார்ட்டில் 25 வருஷம் இருந்த டேவிட் போர்ட்டரை வேலைக்கு எடுத்தார்கள். விண்டோஸ் 7 வெளியான 2009 அக்டோபர் 22-ஆம் தேதியே அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் என்ற ஊரில் கடை திறந்தது. (இதற்கு முன்னாலும் ஒரு முயற்சி உண்டு. 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கடை வைத்து 2001-ல் மூடினார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.) ஆப்பிள் கடைகளுக்குப் பக்கத்திலேயே போடுவோம் என்று மைக்ரோசாஃப்டின் பெரிய அதிகாரியே மேடையில் சவால் விட்டார். அப்படியே போட்டார்கள்.

அந்தக் கடைகளில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'சிக்னேச்சர்' என்று பெயர் வைத்து, அதே லேப்டாப்களை அந்த வேண்டாத சரக்கு எதுவும் இல்லாமல் துடைத்துச் சுத்தமாக விற்றார்கள். வேறு கடையில் வாங்கிய மெஷினைக் கொண்டுவந்தால் 99 டாலருக்குச் சுத்தம் செய்து தருவார்கள் என்றும் 2012-ல் செய்தி வந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு, அதில் விண்டோஸ் மட்டும் ஓடுவதற்காக விண்டோஸ் கம்பெனிக்கே காசு கட்டுவது! எனக்குச் சிரிப்பு வந்தாலும், அந்த மெஷின்கள் உண்மையிலேயே நன்றாக ஓடின.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் கடையின் மேஜை மேல் இருந்ததெல்லாம் அடுத்தவர் சரக்கு. ஹெச்பி, டெல், ஏசர், லெனோவா. அதே லேப்டாப் பெஸ்ட் பை என்ற எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், அமேசானில் நூறு டாலர் குறைச்சலாகவும் கிடைக்கும். அடுத்தவர் லேப்டாப்பை விற்றால் கையில் நிற்கும் லாபத்தில் பெரிய மாலின் வாடகையைக் கட்டவே முடியாது. தன் சொந்தச் சரக்கான விண்டோஸோ ஏற்கெனவே அந்த லேப்டாப்புக்குள் விற்றுப்போயிருக்கிறது. அதற்கான காசு எந்தக் கடையில் விற்றாலும் வந்து சேரத்தான் போகிறது. அப்படியானால் இந்தக் கடையில் விற்பதால் புதிதாக என்ன வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே சொந்தச் சரக்கு தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். 2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்டின் சொந்த டேப்லெட்டான சர்ஃபேஸ் வந்தது. உடனே இன்னொரு பக்கம் புகைந்தது. ஊர் ஹோட்டல்களுக்கெல்லாம் மாவு அரைத்துக் கொடுப்பவர், அதே ஹோட்டல்களுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. சர்ஃபேஸ் வருவதற்கு முன்பே ஏசர் கம்பெனியின் தலைவர், நன்றாக யோசித்துச் செய்யுங்கள் என்று மைக்ரோசாஃப்டைப் பார்த்து வெளிப்படையாகவே எச்சரித்தார். விண்டோஸ் வியாபாரத்தின் முதுகெலும்பே இந்தத் தயாரிப்பாளர்கள்தான். வருஷக்கணக்காய்க் காசு கட்டி விண்டோஸை வாங்கிக்கொண்டிருப்பவர்களை ஒரு கடைக்காகப் பகைத்துக்கொள்வதா?

சர்ஃபேஸை ஆரம்பத்தில் தங்கள் கடைகளிலும் இணையத்திலும் மட்டுமே விற்றார்கள். அப்போது கடைகள் இருந்ததோ சில டஜன். பார்க்காத, தொடாத புது மாதிரி மெஷினை ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் எப்படி வாங்குவார்? கடை வேண்டிய சரக்கு ஒருவழியாய் வந்தபோது போதுமான கடை இல்லை. 2013 ஜூலையில், தேங்கிப்போன சர்ஃபேஸ் ஆர்டி என்ற மாடலுக்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் தள்ளினார்கள். அதற்கு முந்தின மாதம்தான் பெஸ்ட் பையோடு ஒப்பந்தம் போட்டு, அமெரிக்காவில் 500 கடைகளுக்குள் விண்டோஸுக்கென்று தனிப் பகுதி வைப்பதாக அறிவித்திருந்தார்கள். கூரை பெஸ்ட் பையினுடையது, வரும் கூட்டமும் அவர்களுடையது. என்னைக் கேட்டால், கடை விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் எடுத்த உருப்படியான முடிவு அதுதான். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை 2015-ல் நடந்தது. ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்கள் இலவசமாய் மாறிக்கொள்ளலாம் என்றார்கள். ஆபீஸ் அதற்கு முன்பே மாதச் சந்தாவின் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. ஆக, பெட்டியில் போட்டு விற்க அவர்களிடம் சாஃப்ட்வேர் என்று ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூவில் ஐந்து மாடிக் கடை ஒன்றைத் திறந்தார்கள். உலகத்திலேயே வாடகை அதிகமான தெருக்களில் ஒன்று. விற்கும் பொருள் காற்றில் கரைந்துகொண்டிருக்கையில் கட்டிடம் மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது! அடுத்த மாதம் சிட்னி. 2019 ஜூலையில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ். அதற்கு மறு வருஷம் ஜூனில் மூடுவிழா.

இதுவரை சொன்னதைப் பார்த்தால், கடையே தண்டம் என்று நான் முடித்துவிடுவேன் என்று தோன்றும். இல்லை. அந்தக் கடைக்குள் ஒரு மேஜை இருந்தது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

உள்ளே கடைசியில் 'ஆன்சர் டெஸ்க்'. உங்கள் கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனியினுடையதாக இருந்தாலும், எங்கே வாங்கியிருந்தாலும் அங்கே கொண்டுபோகலாம். என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லக் காசு இல்லை. பையனை எக்ஸ்பாக்ஸில் விட்டுவிட்டு நான் பெரும்பாலும் அந்தப் பக்கமாய்ப் போய் உட்காருவேன். உட்கார இடம் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு தடவை ஒரு பெரியவர் வந்தார். மளிகைக் கடைத் துணிப்பையில் லேப்டாப், சார்ஜர் வயரை அதன் மேலேயே சுற்றி வைத்திருந்தார். போட்டோ எல்லாம் போய்விட்டது என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் லேப்டாப்பை உடனே வாங்கித் திறக்கவில்லை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அன்றைக்கு வேறு யாராவது இதைத் தொட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேரன் வந்திருந்தான், ஏதோ கேம் போட்டான் என்றார். அப்புறம்தான் திறந்தாள். பேரன் தனக்கென்று புதிதாய் ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறான். மறுநாளிலிருந்து தாத்தா அவனுடைய கணக்குக்குள்ளேயே போய் வந்துகொண்டிருக்கிறார். அங்கே போட்டோ எப்படி இருக்கும்? இவருடைய கணக்கில் எல்லாம் பத்திரமாய் இருந்தது.

அவருக்கு இது புரியவில்லை. ஒரே கம்ப்யூட்டர்தானே, எப்படி இரண்டு இருக்கும் என்றார். அவள் ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கட்டம் போட்டாள். ஒன்றில் அவர் பெயர், இன்னொன்றில் பேரன் பெயர். எந்தக் கட்டத்தில் போட்டோ இருக்கிறது, ஆன் பண்ணியதும் எதைத் தொட வேண்டும் என்று அம்புக்குறி போட்டாள். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பில் எதுவும் இல்லை. போகிற போக்கில் அவர் எதையும் வாங்கவும் இல்லை.

கடைக் கணக்குப்படி அந்த முக்கால் மணி நேரம் நஷ்டம். ஆனால் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு என்பதே பயனருக்கு எவ்வளவு குழப்பமான விஷயம் என்பது, ஏரிக்கு அந்தப் பக்கம் விண்டோஸ் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா? நானும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். எத்தனை பேர் எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று எங்களுக்கு எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கையில் இந்தப் பெரியவர் எப்படித் தெரிவார்? தினமும் ஒழுங்காய் லாகின் செய்யும் திருப்தியான வாடிக்கையாளராகத்தான் தெரிவார். பேரனுக்குப் பதிலாக.

மூடும்போது மைக்ரோசாஃப்ட் செய்ததைக் கவனித்தால் அவர்களுக்கும் இது புரிந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது. கட்டிடத்தை விட்டார்கள், ஆட்களை விடவில்லை. கடை ஊழியர்கள் வேலையில் தொடரலாம், இணையம் வழியாக விற்பனை, பயிற்சி, உதவி எல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்று அந்த அறிவிப்பிலேயே சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களை வைத்துக்கொண்டு, மேஜையையும் கட்டிடத்தையும் கழற்றிவிட்டார்கள். கட்டிடம் சரி. மேஜையைத்தான் விட்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் பெரியவர் வீடியோ காலில் என்ன கேட்டிருப்பார், எந்தக் கட்டத்தைக் காட்டியிருப்பார்கள்?

கூகுள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2021 ஜூனில் நியூயார்க்கின் செல்சி பகுதியில் கூகுள் முதல் நிரந்தரக் கடையைத் திறந்தது, மைக்ரோசாஃப்ட் கைகழுவி ஒரு வருஷத்தில். அங்கே போய் கூகுள் தேடலையோ ஜிமெயிலையோ யாரும் வாங்க முடியாது. பிக்சல் போன், நெஸ்ட் கேமரா, ஃபிட்பிட். எல்லாம் கையில் பிடிக்கிற சாமான். அமேசானும் 2022 மார்ச்சில் புத்தகக் கடை உட்பட 68 கடைகளை மூடுவதாகச் சொல்லிவிட்டது. இந்தியாவுக்கு ஆப்பிள் கடை 2023 ஏப்ரலில்தான் வந்தது, மும்பையில் ஒன்று, டெல்லியில் ஒன்று. அவ்வளவு தாமதத்துக்கு முக்கியக் காரணம், சரக்கில் 30 சதவீதம் உள்நாட்டில் வாங்க வேண்டும் என்ற அந்நிய முதலீட்டு விதி. சாமான் விற்கிறவனுக்குத்தான் இந்தத் தலைவலியெல்லாம்.

நம்ம ஊரில் சாஃப்ட்வேர் வியாபாரம் வேறு வழியில் வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் ஸ்காட்ஸ்டேலில் கடை திறந்த அதே 2009-ல்தான் சென்னையின் அட்வென்ட்நெட் தன் பெயரை ஜோஹோ என்று மாற்றிக்கொண்டது. இணையத்தில் சந்தா விற்கும் கம்பெனி. டேலி கதை அதைவிடப் பழையது. 1986-லிருந்து இருக்கிறது. பெங்களூரு கம்பெனி, ஆனால் ஈரோட்டிலோ விருதுநகரிலோ ஒரு மொத்த வியாபாரியைக் கேட்டால் அவருக்கு டேலி என்பது ஒரு ஆள். டூ வீலரில் வருவார். ஆடிட்டர் சொல்லி அனுப்பியவராக இருப்பார். லைசென்ஸ் போட்டுக் கொடுத்து, கணக்குப்பிள்ளைக்கு இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, பில்லில் சரக்கு வகையைக் காட்டும் எச்எஸ்என் கோடு எங்கே போடுவது என்று கேட்டு இந்த டீலர்களின் போன் ஓயவே இல்லை. அந்த வாரம் எந்த டீலர் போனை எடுத்தாரோ, அவருக்கு இன்றும் அந்தக் கடைகளில் டீ உண்டு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு நண்பர். என்னைவிடச் சின்னவர். ஜவுளிக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறார். நல்ல சாஃப்ட்வேர். போன மாதம் கூப்பிட்டார்.

"அண்ணா, கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடை பாத்திருக்கேனுங்க. முன்னாடி ஃபுல்லா கண்ணாடி போட்டு, உள்ள நாலு சிஸ்டம் வெச்சு, வர்றவங்களுக்கு டெமோ காட்டலாமுங்க."

"யாரு தம்பி வருவாங்க?"

"ஜவுளிக் கடைக்காரங்க, மெடிக்கல் வெச்சிருக்கறவங்கதானுங்க."

"அவங்க இங்க வந்துட்டா, அவங்க கடையில கல்லாவுல யாரு உக்காருவாங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தார். பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குகிறவர் காலையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை தன் கடையை விட்டு நகர முடியாதவர். அவரைத் தேடித்தான் போக வேண்டும். ஆனால் நண்பர் விடுகிறவர் இல்லை.

"அதில்லீங்ணா. போன வருஷம் ஒருத்தன் இங்க பத்து முப்பது கடைக்கு சாஃப்ட்வேர் வித்துப்போட்டு, போனை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டான். இப்ப எங்க போனாலும், உங்க ஆபீஸ் எங்கீங்கன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. கடைன்னு ஒண்ணு இருந்தாத்தானுங்க நம்புவாங்க."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்கிறவர் எங்கே இருக்கிறார் என்றாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்ப்பதில் என்ன தப்பு? ஃபிஃப்த் அவென்யூ ஐந்து மாடியிலும் பாதி இந்த எண்ணம்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த நம்பிக்கைக்குத் தரைத்தளமும் கண்ணாடியும் வேண்டியதில்லை. ஒரு விலாசம் வேண்டும், அங்கே போனால் ஆள் இருக்க வேண்டும்.

பேசிப் பேசி ஒன்று பிடிபட்டது. அந்தக் கடைகளில் சாஃப்ட்வேரை வாங்குவது முதலாளி, ஆனால் உட்கார்ந்து பில் போடுவது பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகள். தீபாவளிக்கு ஒரு கூட்டம் சேரும், பொங்கலுக்குள் பாதி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாய் வருகிற பிள்ளை தப்பாய் எதையோ அமுக்கிவிட்டு, சாஃப்ட்வேர் சரியில்லை என்று சொல்லும். நண்பருக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான். இந்தப் பிள்ளைகளைக் காலையில் கடை சூடு பிடிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள், நாங்கள் பழக்கித் தருகிறோம் என்றால் எந்த முதலாளியும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். இரண்டு மேஜை, நான்கு சிஸ்டம், பார்கோடு ஸ்கேனர் ஒன்று, பில் பிரிண்டர் ஒன்று. பொறுமையாய்ப் பேசுகிற ஆள் ஒருவர். அந்த ஆள் மாதத்தில் ஒரு நாளாவது சாஃப்ட்வேர் எழுதும் பையன்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சொல்ல வேண்டும். விற்பனை டார்கெட் அவருக்குக் கிடையாது. நண்பர் முதலில் ஒத்துக்கொள்ளாதது இந்த ஒன்றுக்குத்தான். டார்கெட் வைத்தால் அந்த ஆள் மூன்றாவது மாதமே பிள்ளைகளை விட்டுவிட்டு முதலாளிகளுக்கு போன் போட ஆரம்பித்துவிடுவார் என்று சொல்லி ஒருவழியாய்ச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

கிராஸ்கட் ரோட்டுக் கடையை விட்டாயிற்று. காந்திபுரத்திலேயே உள்தெருவில் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் மாடி காலியாக இருக்கிறது. வாடகை தரைத்தளத்தில் சொன்னதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. லிஃப்ட் கிடையாது, படி கொஞ்சம் செங்குத்து. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். ஆறு மாதத்துக்குக் குறைத்துப் பேச அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். அந்த மொத்த வியாபாரி இன்னமும் கையால்தான் பில் போடுகிறாராம்.